‘ஆபத்து குறைவு’ என்று எழுதி அனுப்பிவிட்டால் கடமை முடிந்ததா?

மனநலப் பணியாளர்களுக்குத் தற்கொலைத் தடுப்பு வழிகாட்டு நெறிகளைக் கற்பிப்பது என் பணி. அதனால், சிகிச்சையில் இருந்த ஒருவர் தற்கொலையால் இறந்தபின் அவருடைய கோப்பைப் படித்துப் பார்க்கும் கசப்பான பொறுப்பும் என்னிடம் வந்து சேர்கிறது. பெரும்பாலும் ஒரே வாசகங்கள்தான் இருக்கும்: கேள்விப் படிவம் நிரப்பப்பட்டது, மதிப்பெண் குறைவு, ஆபத்து குறைவு, ஒரு மாதம் கழித்து வரச் சொல்லப்பட்டது. கீழே கையொப்பமும் முத்திரையும் இருக்கும்; அந்த மனிதர் எதனால் வாழ்க்கையை வெறுத்தார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட இராது. விதிப்படி எல்லாம் செய்திருக்கிறோமே என்று கேட்பார்கள். இதை இன்னும் எத்தனை முறை கேட்பது?

மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வாரா மாட்டாரா என்று கணித்துவிடலாம் என்ற நம்பிக்கைதான் நம் துறையில் நான் காணும் மிகப் பிடிவாதமான தவறு. மனநல சிகிச்சை பெறுவோரிடையேயும் தற்கொலை என்பது எண்ணிக்கையில் அரிதான நிகழ்வு. அரிதான ஒன்றை முன்கூட்டிக் கண்டறியப் படிவம் போட்டால், ‘ஆபத்து அதிகம்’ என்று குறிக்கப்படுவோரில் மிகப் பலர் தற்கொலையால் இறப்பதில்லை. ‘குறைவு’ என்று ஒதுக்கப்படும் கூட்டமோ மிகப் பெரியது என்பதால், இறப்புகளில் பெரும்பங்கு அந்தக் கூட்டத்திலிருந்தே வந்துவிடுகிறது. மனநல சிகிச்சையில் இருந்தோரின் தற்கொலைகளை ஆராயும் பிரிட்டனின் தேசிய விசாரணை அமைப்பு ஆண்டுக்கணக்காகத் திரட்டிய தரவுகளும், இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கடைசிச் சந்திப்பில் உடனடி ஆபத்து குறைவு அல்லது இல்லை என்றே மதிப்பிடப்பட்டிருந்ததைக் காட்டுகின்றன. தற்கொலை எண்ணமும் ஒரே நிலையில் நிற்பதில்லை. காலையில் எழுதிய மதிப்பெண்ணுக்கு மாலையில் பொருள் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இவற்றையெல்லாம் கருதித்தான் சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறி, தற்கொலையை முன்கணிக்க அளவுகோல்களைப் பயன்படுத்தாதீர்கள், குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஆட்களைத் தரம் பிரிக்காதீர்கள், அதை வைத்து யாருக்குச் சிகிச்சை என்றும் யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்றும் முடிவு செய்யாதீர்கள் எனத் தெளிவாகச் சொல்கிறது. அப்படியானால் எங்களுக்கு ஏன் ஆண்டுதோறும் படிவத்தில் பயிற்சி தருகிறார்கள் என்று செவிலியர்கள் கேட்பது நியாயமே. நிர்வாகத்துக்குப் படிவங்களை எண்ணுவது எளிது; உரையாடலை எண்ண முடியாது.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. இது அனைவருக்கும் தெரிந்ததுதான். ஆயினும் பயிற்சியில் ஒருவரை நோயாளியாக அமர்த்திப் பேசச் சொன்னால், பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள்கூட, “தப்பா எதுவும் நினைக்கலையே?” என்றுதான் கேட்கிறார்கள். இதற்கு ‘இல்லைங்க’ என்பதைத் தவிர வேறு என்ன பதில் வரும்? உடனே ‘தற்கொலை எண்ணம் இல்லை’ என்று பதிவேட்டில் ஏறிவிடுகிறது. “செத்துப்போய்விடலாம் என்று தோன்றியதுண்டா?” என்று நேராகக் கேளுங்கள், கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அந்தச் சில விநாடி மௌனத்தைத் தாங்குவதற்கே தனிப் பயிற்சி வேண்டியிருக்கிறது. ‘இனி அப்படிச் செய்ய மாட்டேன்’ என்று எழுதி வாங்கும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது காப்பாற்றும் என்பதற்குச் சான்று இல்லை, நோயாளி அடுத்த முறை உண்மையைச் சொல்லத் தயங்குவதற்கு மட்டும் அது உதவும்.

செய்ய வேண்டியது பாதுகாப்புத் திட்டம். தனக்கு நெருக்கடி வருவதை எந்த அறிகுறியால் உணர்கிறார், அப்போது தானே என்ன செய்வார், யாரிடம் போவார், எந்த எண்ணை அழைப்பார், ஆபத்தான பொருட்களை வீட்டில் யார் அப்புறப்படுத்துவார் என்பதையெல்லாம் அவருடைய சொற்களிலேயே எழுத வேண்டும். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இத்தகைய திட்டத்தோடு தொலைபேசித் தொடர்பும் பெற்றவர்களிடம் அடுத்த 6 மாதங்களில் தற்கொலை நடத்தை ஏறத்தாழ 45 சதவீதம் குறைவாக இருந்தது. நம்மவர்கள் எழுதும் திட்டங்களிலோ எல்லாருக்கும் ‘நடைப்பயிற்சி, இசை கேட்டல்’ என்று ஒரே கையெழுத்தில் இருக்கிறது. அதன் ஒரே பிரதியும் கோப்புக்குள் பத்திரமாக இருக்கிறது. நள்ளிரவில் நெருக்கடி வந்தால் நோயாளி உங்கள் அலமாரியைத் திறந்தா பார்ப்பார்?

வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில நாட்களும் வாரங்களும்தான் மிக ஆபத்தானவை. 72 மணி நேரத்துக்குள் ஒருவர் பேசியாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது வீட்டுக்கு அனுப்பும் முன்பே பெயருடன் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒருநாள் பயிற்சியால் இவையெல்லாம் வந்துவிடும் என்று எதிர்பார்க்கும் நிர்வாகிகளுக்கு ஒரு தகவல். நெதர்லாந்தில், 2012-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியை ஒட்டி மனநலப் பிரிவுகளில் நடத்தப்பட்ட ஒருநாள் பயிற்சிக்குப் பின் பணியாளர்களின் தன்னம்பிக்கையும் நெறியைப் பின்பற்றுவதும் கூடின. ஆனால் நோயாளிகளின் தற்கொலை எண்ணம், ஒட்டுமொத்தமாகப் பார்த்தால், குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. பயிற்சி வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மாதந்தோறும் மூத்தவர் ஒருவர் உடன் அமர்ந்து உண்மையான உரையாடல்களைக் கேட்டுத் திருத்த வேண்டும், அதற்கான நேரம் பணிப்பட்டியலில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நோயாளியை இழந்த பணியாளரிடம் முதல் நாளே விளக்கக் கடிதம் கேட்காதீர்கள். அவரை யாராவது வீடு வரை கொண்டுபோய் விடுங்கள், மறுநாள் அழைத்துப் பேசுங்கள். கோப்பை ஒரு வாரம் கழித்துப் புரட்டலாம்.