படிவு: 'செடிமென்ட்' என்பதற்கு ஏற்ற தமிழ்ச் சொல்

எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் இடறுவது 'செடிமென்ட்'. இலத்தீனில் 'செதேரே' என்றால் உட்காருதல். நீரோடு வந்து அடியில் தங்கிவிட்ட மணல், களிமண், மக்கு (மக்கிப்போன இலைதழை) எல்லாம் இதில் அடக்கம். தமிழில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. மூன்றும் ஒன்றல்ல.

வடசென்னையில் எல்லார் வாயிலும் இருப்பது 'தூர்'. கிணறு தூர்ந்துபோச்சு, கால்வாயில் தூர் வாருறாங்க என்கிறோம். தூர்தல் என்றால் அடைபட்டு மேடாதல். மண்ணை ஒரு அடைப்பாக மட்டும் பார்க்கும் சொல் இது. அள்ளி வெளியே போட்டால் வேலை முடிந்தது. அதில் என்ன கலந்திருக்கிறது என்பது இந்தச் சொல்லின் கவலை அல்ல.

'வண்டல்' பழஞ்சொல். சங்கப் பாடல்களில் சிறுமியர் மணலில் ஆடும் விளையாட்டுக்கும் இதே பெயர். இன்று அது ஆறும் ஏரியும் தரும் வளமான மண். உழவர்கள் வயலுக்கு அடிக்கும் மண். அந்த நற்பெயரைப் பக்கிங்காம் கால்வாயின் அடிச்சேற்றுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நம்பி யாரேனும் செடிக்குப் போட்டுவிடுவார்கள்.

ஆகவே 'படிவு'. தூசு படிகிறது, பாசி படிகிறது என்கிற அதே 'படி'தான் வேர். பள்ளியில் படித்த படிவுப் பாறையும் இதுவே. வேதியியலின் 'வீழ்படிவு' வேறு. அது கரைசலில் வினை நடந்து திடமாகப் பிரிவது.

படிவில் ஆய்வாளர்கள் தேடுவது உலோகங்களை. ஈயம், செம்பு, துத்தநாகம், குரோமியம் போன்றவை பெரும்பாலும் நுண்ணிய களித்துகளிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டே பயணிக்கின்றன. அதனால்தான் 63 மைக்ரானுக்குக் குறைவான துகள்களைச் சலித்துத் தனியே சோதிக்கிறார்கள். ஆற்று நீர் உப்பு நீரோடு கலக்கும் இடத்தில் இத்துகள்கள் திரண்டு கனத்து இறங்கும். கொசஸ்தலையாறு கடல் சேரும் எண்ணூர் அப்படிப்பட்ட இடம். நீரைச் சோதித்தால் அன்றைய நிலை தெரியும். படிவைச் சோதித்தால் கரையில் இத்தனை ஆண்டுகள் என்ன நடந்தது என்று தெரியும்.

கரைக்குக் கரை கதை மாறும். மணலியில் 1969 முதல் எண்ணெய் சுத்திகரிக்கப்படுகிறது. கச்சா எண்ணெயோடு வரும் உலோகங்கள் வனேடியமும் நிக்கலும். அனல் மின் நிலையச் சாம்பல் நீரில் கலந்து குழாயில் போகிறது. குழாய் கசிந்த இடங்களில் ஆற்றுப் படுகையில் சாம்பலே படிந்து கிடக்கிறது. நிலக்கரியில் இருந்த ஆர்செனிக்கும் குரோமியமும் சாம்பலில் செறிந்திருக்கும். வியாசர்பாடி, பெரம்பூர்ச் சாலைகளில் தேயும் டயரிலிருந்து துத்தநாகம், பிரேக்கிலிருந்து செம்பு. முதல் மழையிலேயே இவை 'ஓட்டேரி நல்லா' என்னும் கால்வாய்க்குப் போய்விடும். கொடுங்கையூர்க் குப்பைமேட்டின் கசிவுநீர் தனிக் கணக்கு. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. அந்த ஈயம் கலைக்கப்படாத கீழடுக்குகளில் இன்னும் இருக்கும்.

பருவமழைக்கு முன் வாரிக் கரையில் குவித்த சேற்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அள்ளிய அன்று மை போலக் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். சில நாளில் மேல்தோல் வெடித்து, விளிம்புகள் துருநிறமாகும். காற்றில்லாத அடியில் கந்தகம் உலோகங்களோடு சேர்ந்து, சல்பைடு என்னும் சேர்மமாகப் பிடித்து வைத்திருந்தது. காற்றுப் பட்டதும் சல்பைடு சிதைகிறது, பிடி தளர்கிறது. அடுத்த மழை அந்த உலோகங்களை மறுபடி கால்வாய்க்கே கொண்டுபோகிறது. வாருவது அவசியம்தான், வாரியதைக் கரையிலேயே விடுவது கேடு. கழிமுகச் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பவர்கள் எண்ணூரில் இருக்கிறார்கள்.

வேலைக்குத் 'தூர் வாருதல்' என்ற பெயரே இருக்கட்டும். வாரிய பொருளைக் 'கால்வாய்ப் படிவு', 'கழிமுகப் படிவு' என்று இடம் குறித்து எழுதி, உலோக அளவையும் பக்கத்தில் தர வேண்டும். 'படிமம்' என்று மட்டும் எழுத வேண்டாம். அது இமேஜுக்கான சொல்.