மீசை அரும்புமுன் மூளை விழிக்கிறது

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஏதேனும் ஓர் இடைநிலைப்பள்ளியின் படிவம் 1 வகுப்பைப் பார்த்தால், ஒருவனுக்குக் குரல் உடைந்து மீசை அரும்பியிருக்கும். பக்கத்தில் இருப்பவன் இன்னும் தமிழ்ப்பள்ளிப் பையனாகவே தெரிவான். கோழி இறைச்சிதான் காரணம் என்று வீட்டில் சொல்வார்கள். ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் பருவமாற்றம் தொடங்குவது இயல்பே. அந்த இடைவெளியில் யாருக்கு எப்போது என்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு.

இந்த மாற்றங்களைக் கொண்டுவரும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை உருவாக்குபவை விந்தகத்திலுள்ள லைடிக் உயிரணுக்கள் என்றாலும், அதற்கான கட்டளை மூளையிலிருந்தே வருகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் ஜிஎன்ஆர்எச் என்னும் ஹார்மோனை விட்டுவிட்டுச் சுரக்க, பிட்யூட்டரி சுரப்பி எல்எச் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கிறது. எல்எச் லைடிக் உயிரணுவின் ஏற்பியில், அதாவது ஹார்மோனின் செய்தியை வாங்கும் புரதத்தில், பொருந்தியதும், ஸ்டார் என்ற புரதம் கொலஸ்ட்ராலை மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வுக்குக் கொண்டுசேர்க்க, நொதிகள் அதைப் படிப்படியாக டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகின்றன. பருவத்தின் தொடக்கத்தில் இந்த எல்எச் துடிப்புகள் உறக்கத்தின்போதுதான் வலுப்பெறுகின்றன.

வியப்பு என்னவென்றால், இந்த ஏற்பாடு முழுவதும் பிறந்த சில மாதங்களிலேயே ஒருமுறை இயங்கிவிடுகிறது. கைக்குழந்தையின் டெஸ்டோஸ்டிரோன் அளவு உயர்ந்து, ஏறத்தாழ ஆறு மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே, விந்தகம் முதிர்வதற்காக உடல் காத்திருக்கிறது என்பதைவிட, மூளை போட்டுவைத்த பிரேக் விலகக் காத்திருக்கிறது என்பதே பொருத்தம். ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்களைத் தூண்டும் கிஸ்பெப்டினின் ஏற்பி பழுதானால் பருவமாற்றம் நிகழாமலே போகலாம் என்பது 2003இல் தெரியவந்தது. பிரேக்கின் ஒரு பகுதி 2013இல் அடையாளம் காணப்பட்டது. 15ஆம் குரோமோசோமிலுள்ள எம்கேஆர்என்3 மரபணு பழுதுபட்டால் பருவமாற்றம் மிக முன்கூட்டியே வந்துவிடுகிறது. அதிலும் ஒரு விந்தை உண்டு: தாய்வழி வந்த பிரதி உடலில் ஊமையாகவே இருக்கும், தந்தைவழிப் பிரதி மட்டுமே செயல்படும். தன் தாயிடமிருந்து பழுதைப் பெற்றவர் எந்தப் பாதிப்பும் இன்றி வளர்ந்து, தம் பிள்ளைகளுக்கு அதைக் கடத்தக்கூடும். குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று பெற்றோர் திகைப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

மூளையைக் கேட்காமலே விந்தகம் இயங்கும் அரிய நிலையும் உண்டு. எல்எச் ஏற்பிக்கான மரபணுவில் ஏற்படும் சில மாற்றங்கள், எல்எச் இல்லாதபோதும் ஏற்பியை விழித்த நிலையிலேயே வைத்திருக்கும். நான்கு வயதுக்குள்ளேயே சிறுவனிடம் பருவ அறிகுறிகள் தோன்றலாம். மூளையின் கட்டளையை அடக்கும் மருந்து மட்டும் இங்கே பயன் தராது.

மறுபுறம், 14 வயதாகியும் மாற்றமே இல்லாத பையனிடம் மருத்துவர் வாசனை தெரிகிறதா என்று கேட்கலாம். இது தொடர்பில்லாத கேள்வி அன்று. கருவில் ஜிஎன்ஆர்எச் நரம்பணுக்கள் மூக்குப் பகுதியில் தோன்றி, நுகர்ச்சி நரம்பிழைகளைப் பற்றியே மூளைக்குள் நகர்கின்றன. எக்ஸ் குரோமோசோமிலுள்ள அனோஸ்1 மரபணு பழுதானால் அந்தப் பயணம் தடைபட்டு, மோப்பமும் பருவமாற்றமும் சேர்ந்தே பாதிக்கப்படுகின்றன. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே என்பதால் அதை ஈடுசெய்ய இன்னொரு பிரதி இராது. ஆனால் ஹார்மோன் சிகிச்சையால் பருவமாற்றத்தை வரவழைக்க முடியும்.