மூலிகை அறிவியலை இணையத்தில் படிப்பவர்களுக்கு: செடியோடு அளவையும் கேளுங்கள்

மருந்தாளுநராக வேலை பார்த்துக்கொண்டே ஃபார்மகாக்னசி சொல்லிக்கொடுக்கிறேன். தாவரம் முதலான இயற்கை மூலங்களிலிருந்து வரும் மருந்துகளைப் பற்றிய படிப்பு அது. சமீப காலமாக என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "இதை இணையத்திலேயே படித்துவிட முடியுமா?" என்பது. பெரும்பகுதியைப் படித்துவிடலாம். தாவர வேதியியல், மருந்து உடலுக்குள் செல்லும் வழி, ஆய்வுக் கட்டுரையை வாசிக்கும் முறை எல்லாவற்றுக்கும் நல்ல பாடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. என் கவலை வேறு. சேருபவர்களில் பலர் எந்த மூலிகை எந்த நோய்க்கு ஆகும் என்ற பட்டியலை எதிர்பார்த்து வருகிறார்கள். அதைப் பாடமாக விற்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். பாடம் முடியும்போது பட்டியல் நீண்டிருக்கும், அறிவியல் வந்திருக்காது. எந்தச் செடி, எந்தப் பாகம், எதில் ஊறவைத்து எடுத்த சாறு, எவ்வளவு, யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று ஒவ்வொரு செய்தியிடமும் கேட்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பு. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதை விளக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்வது நித்தியகல்யாணியை. 1952-இல் கனடாவில் கிளார்க் நோபல் என்ற மருத்துவருக்கு, ஜமைக்காவில் இருந்த அவருடைய நோயாளி ஒருவரிடமிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே இந்தச் செடியின் இலைகள் இருந்தன. அங்கே சர்க்கரை நோய்க்கு இதைக் கொதிக்கவைத்துக் குடிப்பதாகத் தகவல். கிளார்க் அதை மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த தன் தம்பி ராபர்ட் நோபலிடம் கொடுத்தார். சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது இரத்தச் சர்க்கரை அசையவில்லை. ஊசியாகச் செலுத்தியபோது எலிகள் கிருமித் தொற்றால் இறந்தன. ஏன் என்று பார்த்தால், இரத்தத்தில் வெள்ளணுக்கள் மளமளவென்று குறைந்திருந்தன, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமோ என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற ஆல்கலாய்டை (செடிகளில் உண்டாகும், நைட்ரஜன் கொண்ட ஒருவகை வேதிப்பொருள்) பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் அது இன்றும் முக்கியமான மருந்து.

இணையத்தில் சுற்றுவது இந்தக் கதையின் பாதிதான். "புற்றுநோய் மருந்தே இந்தச் செடியிலிருந்துதான் வருகிறது" என்று தொடங்கி, "ஆகவே தினமும் நான்கு இலை மெல்லுங்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். கைப்பேசியில் அந்தக் காணொளியைக் காட்டி, "இதையே கொடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. நோயாளியை வீட்டில் வைத்துக்கொண்டு தவிப்பவர்கள் எந்த வழி கிடைத்தாலும் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் கதையின் மறுபாதியை அவர்களுக்கு யாரோ சொல்லியாக வேண்டும். அந்த இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன. வின்கிரிஸ்டின் அதில் மிக மிக அற்பமான அளவே இருக்கிறது. ஒரு கிராம் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். மருந்தாக அதைச் சிரை என்ற இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்துவார்கள். உடற்பரப்பின் சதுர மீட்டருக்கு 1.4 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டு, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். அளவு கூடினால் நரம்புகள் சேதமாகும். தண்டுவடத் திரவத்தில் தவறிச் செலுத்தினால் உயிரே போய்விடும். மென்ற இலை இந்தக் கணக்கில் எங்கே வரும்? நோய்க்கு வேண்டிய அளவு கிடைக்காது, கூடவே வேண்டாத ஆல்கலாய்டுகளும் உள்ளே போகும்.

செடி எது என்பதில் தொடங்குங்கள். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் நூறு பேர். அவர்களுக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா என்ற சீன மூலிகை இருந்திருக்க வேண்டும். இருந்ததோ அரிஸ்டோலோக்கியா ஃபாங்சி. சீன வழக்குப் பெயரில் இரண்டுமே "ஃபாங் ஜி" என்று முடியும். அரிஸ்டோலோக்கியாவில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு, சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் வரவழைக்கும். நாம் ஆடுதின்னாப்பாளை என்று சொல்வதும் இதே பேரினம்தான். அதைத் தின்னச் சொல்லும் பதிவுகள் இன்னும் இருக்கின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே வழக்குப் பெயரோடு நிற்கும் பாடத்தை நம்பாதீர்கள். இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் "பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன்" தளத்தில் எந்தத் தாவரவியல் பெயரைக் கொடுத்தாலும், இப்போது ஏற்கப்பட்ட பெயரும் பழைய பெயர்களும் வந்துவிடும். நித்தியகல்யாணி முன்பு வின்கா ரோசியா, இப்போது கேதரான்தஸ் ரோசியஸ். ஒரு பெயரில் மட்டும் தேடினால் பாதி ஆய்வுகள் கண்ணில் படாது. கீழாநெல்லியில் சிக்கல் இன்னும் கூடுதல். ஃபில்லாந்தஸ் நிரூரி என்று தலைப்பிட்ட பழைய கட்டுரைகள் பலவற்றில் பயன்படுத்தப்பட்டது உண்மையில் ஃபில்லாந்தஸ் அமாரஸ். செடியை யார் அடையாளம் கண்டார், அதன் மாதிரி எந்த உலர்தாவரச் சேகரிப்பில் எந்த எண்ணில் வைக்கப்பட்டிருக்கிறது என்று நல்ல கட்டுரை சொல்லிவிடும். அந்த வரி இல்லாத கட்டுரையைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.

அடுத்து, சாறு எடுத்த விதம். மலேரியாவுக்கான ஆர்டிமிசினின் கதையைப் படித்தால் இது மனதில் பதியும். சீனாவில் தூ யூயூவின் குழு ஆர்டிமிசியா அன்னுவா செடியைச் சோதித்தபோது முடிவுகள் நிலையாக வரவில்லை. சூடாக்கினால் மருந்துப் பொருள் சிதைகிறதோ என்று ஐயப்பட்டு, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைப் பயன்படுத்திச் சாறு எடுத்தார்கள், பலன் தெரிந்தது. அவருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆர்டிமிசினின் தண்ணீரில் சரியாகக் கரையாது. செடிக்குச் செடி அதன் அளவும் மாறும். மலேரியாவுக்கு அந்த இலைத் தேநீரை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்காததற்கு இவையும் காரணங்கள். குறைந்த அளவில் மருந்து போனால் நோய் தீராது, ஒட்டுண்ணி எதிர்ப்புத் திறனை வளர்த்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

இனி அளவு. என் மாணவர்களை ஒரு கணக்குப் போடச் சொல்வேன். ஒரு செடியின் சாறு, உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் வீதம் கொடுத்தபோது எலிகளுக்குச் சர்க்கரையைக் குறைத்தது என்று ஒரு கட்டுரை சொல்வதாக வைத்துக்கொள்வோம். எலியின் அளவை மனிதருக்கு மாற்ற, உடற்பரப்புக் கணக்குப்படி 6.2-ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம் வரும். 60 கிலோ எடையுள்ளவருக்குத் தினமும் ஏறக்குறைய 3.9 கிராம் சாறு. உலர்ந்த இலையில் பத்தில் ஒரு பங்குதான் சாறாகத் தேறும் என்றால், ஒரு நாளைக்கு 39 கிராம் உலர்ந்த இலை. இவ்வளவையும் ஒருவர் தினமும் சாப்பிட முடியுமா, சாப்பிட்டால் கல்லீரல் என்ன ஆகும் என்ற கேள்விகள் அப்போதுதான் எழும். இந்தக் கணக்கு முதல் பரிசோதனை அளவை ஊகிக்க மட்டுமே உதவும், சாப்பிடச் சொல்லும் சீட்டு ஆகாது.

மஞ்சளுக்கும் இதே சோதனைதான். குர்குமின் புற்றுச் செல்களைக் கொல்கிறது என்ற ஆய்வுகள் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில், பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரோமோலார் செறிவில் நடந்தவை. மனிதர்களுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம் குர்குமின் வாய்வழியாகக் கொடுத்த ஓர் ஆய்வில், இரத்தத்தில் எட்டிய உச்சம் 1.77 மைக்ரோமோலார். மஞ்சள் தூளில் குர்குமின் 4 சதவீதம் என்று வைத்தால், 8 கிராமுக்கு 200 கிராம் தூள் வேண்டும். சரி, உறிஞ்சப்படுவதைக் கூட்டிவிட்டால்? மிளகிலுள்ள பைப்பரின் சேர்த்த மாத்திரைகள் அதற்காகவே வந்தன. அப்புறம், அதிகமாக உறிஞ்சப்படும் மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய மருத்துவ அறிக்கைகளும் வரத் தொடங்கின. மருந்தாக வேலை செய்யும் அளவுக்கு ஒரு பொருள் உடலுக்குள் போனால் பக்கவிளைவும் கூடவே வரலாம் என்பதை எந்த மூலிகைக்கும் விலக்கு இல்லாமல் பொருத்திப் பாருங்கள்.

கணினியில் செய்யும் மாலிக்யூலர் டாக்கிங்கும் இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. இலவச மென்பொருள் போதும், ஒரே மாலையில் கற்றுக்கொள்ளலாம். மூலக்கூறு ஒரு புரதத்தின் குழிக்குள் பொருந்தக்கூடும் என்ற கணிப்பை மட்டுமே அது தரும். அதைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வண்ணப் படத்தை வைத்து "மருந்து கண்டுபிடிப்பு" என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கே படிப்பது என்றால், ஆய்வுகளைத் தேட பப்மெட், மனிதர்களிடம் நடந்த சோதனைகளின் தொகுப்பு மதிப்பீட்டுக்குக் காக்ரேன் நூலகம், மருந்துகளாலும் மூலிகைகளாலும் வரும் கல்லீரல் பாதிப்பைப் பற்றி அறிய லிவர்டாக்ஸ் தளம். உலக சுகாதார நிறுவனம் தேர்ந்தெடுத்த மருத்துவத் தாவரங்களைப் பற்றி வெளியிட்ட தொகுதிகளும், ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகை அறிக்கைகளும் இலவசம். ஐரோப்பிய அறிக்கைகளை நான் குறிப்பாகப் பரிந்துரைப்பேன். சோதனைகளால் நிறுவப்பட்ட பயன்பாடு எது, நீண்ட கால வழக்கத்தை மட்டுமே சான்றாகக் கொண்டது எது என்று அவை தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுப் படிப்பவர்கள், அது காட்டும் ஒவ்வொரு கட்டுரையையும், அதன் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐ எண்ணைத் திறந்து சரிபாருங்கள். இல்லாத கட்டுரைகளை இருப்பதாகச் சொல்வது அவற்றுக்குப் பழக்கம்.

திரையில் கிடைக்காத பகுதியும் உண்டு. நிலாவாரை இலைத் தூளைக் குளோரல் ஹைட்ரேட்டில் தெளியவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், சொரசொரப்பான சுவருள்ள ஒற்றைச்செல் மயிர்கள் தெரியும். படத்தில் நூறு முறை பார்த்தவரும் தூளில் முதல் முறை தேடும்போது திணறுவார். மணம், உடைக்கும்போது தெரியும் உள்தன்மை, சாற்றின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் மெல்லடுக்குத் தகட்டில் ஏறிவரும் பட்டைகள், கலப்படத்தைப் பிடிக்கும் கண் எல்லாம் ஆய்வுக்கூடத்தில் கைப்பட்டு வரவேண்டியவை. ஆகவே இணையப் படிப்போடு கொஞ்ச காலமாவது ஆய்வுக்கூடப் பயிற்சிக்கு வழி தேடிக்கொள்ளுங்கள். படித்த உற்சாகத்தில் வீட்டிலேயே கரைப்பான் வாங்கிச் சாறு எடுக்க இறங்காதீர்கள். ஈதர் சட்டென்று தீப்பிடிக்கும், மிச்சமிருக்கும் கரைப்பான் வயிற்றுக்குள் போவதும் ஆபத்து.

கடைசியாகச் சான்றிதழ். சில வாரப் பாடத்துக்குக் கிடைக்கும் அந்தத் தாள் நீங்கள் படித்ததைச் சொல்லும், வைத்தியம் பார்க்கும் உரிமையைத் தராது. ஆனால் நீங்கள் படிக்கிறீர்கள் என்று தெரிந்ததுமே சுற்றியிருப்பவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது மூலிகையின் பெயரைச் சொல்லாதீர்கள். அவர் ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். மனச்சோர்வுக்கு எடுக்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகை, கல்லீரலிலும் குடலிலும் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். இதயம் மாற்றிப் பொருத்தப்பட்ட இருவர் அதைச் சாப்பிட்டதில், பொருத்திய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்க அவர்கள் எடுத்துவந்த சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு இரத்தத்தில் சரிந்து, புதிய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது. 2000-இல் வெளியான அறிக்கை அது. கருத்தடை மாத்திரை, எச்ஐவி மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் வேலையையும் இதே மூலிகை குறைத்துவிடும். கேட்டவர் இவற்றில் எதையாவது எடுப்பவராகவோ, கர்ப்பிணியாகவோ, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவராகவோ இருந்தால், மாத்திரை அட்டைகளோடு மூலிகைப் பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரையோ மருந்தாளுநரையோ பார்க்கச் சொல்லுங்கள்.