ரேடியோநெக்ரோசிஸ்: அழுகலா, மடிவா, நசிவா?

மூக்குக்குப் பின்னாலோ மண்டையோட்டின் அடியிலோ இருந்த கட்டிக்குப் புரோட்டான் சிகிச்சை (புரோட்டான் என்ற நுண்துகளைப் பாய்ச்சும் கதிர் சிகிச்சை) முடிந்து ஓரிரு வருடம் ஆகியிருக்கும். வழக்கமான எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டெம்போரல் லோப் ரேடியோநெக்ரோசிஸ்' என்று ஒரு வரி வரும் (டெம்போரல் லோப் என்பது மூளையின் பக்கவாட்டுப் பகுதி). வீட்டில் யாராவது தமிழில் தேடினால் 'மூளை அழுகல்' என்று கிடைக்கும், அன்றைக்குத் தூக்கம் போச்சு. அந்தத் தமிழே தப்பு.

நெக்ரோஸ் என்றால் கிரேக்கத்தில் பிணம், நெக்ரோசிஸ் என்றால் செத்துப்போகும் நிலை. முன்னால் ஒட்டியிருக்கும் 'ரேடியோ', லத்தீன் 'ரேடியஸ்' வழி வந்தது. சக்கரத்தின் ஆரக்காலுக்கு அந்தப் பெயர், நடுவிலிருந்து நாலாபக்கமும் கிளம்புவதால் ஒளிக்கதிருக்கும் அதுவே ஆனது. (பள்ளியில் படித்த வட்டத்தின் 'ஆரம்' கூடச் சக்கரத்திலிருந்து வந்ததுதான்.) ஆக, கதிர் பட்டதால் திசு இறப்பது, அவ்வளவுதான் பொருள். அழுகக் கிருமி வேண்டும், இங்கே கிருமியே கிடையாது.

நடப்பது என்னவென்றால், கதிர் பட்ட இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சுவரும், நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்களும் கெடுகின்றன. குழாய் கசிகிறது, சுற்றிலும் வீங்குகிறது, ரத்த வரத்து குறைந்து திசு கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. அதனால்தான் மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழித்துத் தெரியவருகிறது. பலருக்கு ஸ்கேனில் மட்டும்தான் தெரியும், சிலருக்கு மறதி, தலைவலி, வலிப்பு என்று வரும்.

சரி, புரோட்டான், கார்பன் அயனி போன்றவற்றைப் பாய்ச்சும் துகள் சிகிச்சையில் இதை ஏன் தனியாகப் பேசுகிறார்கள்? எக்ஸ் கதிர் உடலைத் துளைத்து மறுபக்கம் போய்விடும். புரோட்டானோ போகும் வழியில் கொஞ்சமாகக் கொடுத்து, நிற்கும் இடத்தில் ஆற்றலை மொத்தமாகக் கொட்டும். அந்த உச்சத்துக்குப் பிராக் முகடு என்று பெயர். இதை மருத்துவத்துக்குப் பயன்படுத்தலாம் என்று இயற்பியலாளர் ராபர்ட் வில்சன் 1946-இல் எழுதினார். கட்டிக்கு அப்பால் இருப்பது தப்பிக்கும், அது பெரிய லாபம்தான். ஆனால் அந்தக் கடைசிச் சில மில்லிமீட்டரில் புரோட்டானின் கடுமை கூடுகிறது. திட்டமிடும்போது எக்ஸ் கதிரைவிட 1.1 மடங்கு என்று எல்லா இடத்துக்கும் ஒரே கணக்காகப் போடுவது வழக்கம், நிற்கும் முனையில் உண்மையான விளைவு அதைவிட அதிகம். அந்த முனை மூளைக்குள் விழுந்தால்தான் சிக்கல். கார்பன் அயனிக்கு இந்த மடங்கு இன்னும் பெரியது. 'துகள் சிகிச்சைக்குப் பக்கவிளைவே இல்லை' என்பது விளம்பரப் பேச்சு.

எக்ஸ் கதிருக்கு ஓர் அளவுகோல் உண்டு. தடவைக்கு 2 கிரே (திசு வாங்கும் கதிரின் அலகு) வீதம் மூளையின் ஒரு பகுதி மொத்தம் 72 கிரே வாங்கினால், அறிகுறியோடு நெக்ரோசிஸ் வர வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு, 90 கிரே என்றால் 10 விழுக்காடு. துகளுக்கு இதை அப்படியே தூக்கிப் போட முடியாது, காரணம் மேலே சொன்ன அந்த முனைதான்.

இப்போது தமிழுக்கு வருவோம். 'கதிர்மடிவு' என்று சொல்லலாம், ஆனால் போரில் மடிந்தான் என்பதுபோல் ஒரே அடியில் விழுந்த சாயல் அதில் இருக்கிறது. என் ஓட்டு 'கதிர்நசிவு'க்கு. நாசத்தோடு உறவுள்ள சொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். இருந்தாலும் 'தொழில் நசிந்துபோச்சு' என்று சொல்லும்போது வரத்து குறைந்து மெல்ல மெல்லத் தேய்ந்தது என்றுதானே புரிந்துகொள்கிறோம், இங்கே நடப்பதும் அதேதான். டெம்போரல் லோபுக்குப் பொட்டுமடல் போதும், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருப்பதுதானே அது. மூக்குக்குப் பின்னால் வரும் கட்டிக்கு அது பக்கத்து வீடு மாதிரி.

அப்புறம் ஒன்று. கதிர்நசிவும் திரும்பி வந்த கட்டியும் எம்.ஆர்.ஐ.யில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி பளிச்சென்று தெரியும். நசிவு என்றால் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன், தேவைப்பட்டால் ரத்தக்குழாய்க் கசிவைக் குறைக்கும் பெவாசிசுமாப்; கட்டி என்றால் வைத்தியமே வேறு. அதனால் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, 'இது நசிவா, கட்டியா, எதை வைத்துச் சொல்கிறீர்கள்?'