‘க்ரானிக்’, ‘இன்விசிபிள்’: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

‘க்ரானிக்’ என்றால் கடுமையான நோய் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் கடுமை இல்லை, காலம்தான் இருக்கிறது. கிரேக்கத்தில் ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். அதிலிருந்து பிறந்த சொல் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மருத்துவர்கள் இதற்கு எதிராக வைக்கும் ‘அக்யூட்’ லத்தீனில் கூர்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. சட்டென்று குத்துவது அது, கூடவே தங்கி நாட்களைத் தின்பது இது.

தமிழில் இதை ‘தீராத நோய்’ என்று எழுதுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை, தீருமா தீராதா என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. ‘நாட்பட்ட நோய்’தான் சரி. நாள் + பட்ட. ‘நான் பட்ட பாடு’ என்கிறோமே, அதே படு. காலமும் வருத்தமும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன.

அப்புறம் ‘இன்விசிபிள் டிசெபிலிட்டி’. ‘புலப்படாத’ என்று மொழிபெயர்ப்பதுண்டு. புலன்களுக்கு எட்டாதது என்று பொருள். ஆனால் மூட்டுவலியோ, எழுந்து உட்காரவே விடாத களைப்போ அதைச் சுமப்பவரின் புலன்களுக்கு நன்றாகவே எட்டுகிறது, எட்டாதது பார்ப்பவருக்குத்தான். அதனால் ‘வெளித்தெரியாத’ என்பதே நேர்மையான சொல். ‘டிசெபிலிட்டி’க்கு ‘ஊனம்’ வேண்டாம், அது குறையை மட்டும் சொல்லும் வடசொல். ‘மாற்றுத்திறன்’ மதிப்பான சொல், ஆளைக் குறிக்க அதையே சொல்வோம். ஆனால் களைப்பில் மாற்றுத் திறன் என்று எதுவும் இல்லை, ‘இன்று இயலவில்லை’ என்பதுதான் உண்மை. ஆகவே அந்த நிலையைக் குறிக்க ‘வெளித்தெரியாத இயலாமை’ என்பேன்.

இப்படிப்பட்ட நோயையும் இயலாமையையும் சொல்லும் கலையை ‘நோய்க்கலை’ என்று சுருக்கிவிடக் கூடாது, கலைக்கே நோய் வந்த மாதிரி இருக்கிறது. ‘நாட்பட்ட நோயைப் பேசும் கலை’ என்று நீட்டியே சொல்லலாம். மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோ 1925இல், 18 வயதில், பேருந்து விபத்தில் முதுகெலும்பு உடைந்து, அதன் வலியோடு வாழ்நாள் முழுக்க இருந்தவர். நீண்ட பாவாடையும் பூவும் அணிந்த அவரைப் பார்ப்பவருக்கு உள்ளே முதுகைத் தாங்கிப் பிடிக்கும் கட்டுக்கச்சு தெரியாது. 1944இல் வரைந்த ‘உடைந்த தூண்’ ஓவியத்தில் அவரே உடலைப் பிளந்து காட்டுகிறார். முதுகெலும்பு இருக்கும் இடத்தில் விரிசல் விட்ட கல்தூண், உடல் முழுக்க ஆணிகள். கண்ணில் நீர் வழிகிறது, ஆனால் முகம் சுளிக்கவில்லை, நேராக நம்மைப் பார்க்கிறது. எனக்கு அந்த முகம்தான் முக்கியம். ‘பார்த்தால் நல்லாத்தானே இருக்கே’ என்று கேட்பவர்கள் பார்ப்பதும் இப்படிச் சுளிக்காத ஒரு முகத்தைத்தான்.

பிரிட்டனில் 1980களில் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் தாங்கள் கண்டதை வரைவதற்கென்றே போட்டிகள் நடந்தன. மின்னும் கோணல்மாணல் கோடுகள், பாதி மறைந்துபோன முகங்கள். வலி வருவதற்கு முன் பலருக்குக் கண்ணில் தோன்றும் காட்சிகள் அவை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.