சுட்ட தோட்டாக் கூட்டின் மேல் விழும் தடயங்கள்

செட்டிநாட்டு வீடுகளின் இரண்டாங்கட்டு அறைகளில் அடுக்கப்பட்டிருக்கும் அண்டாவிலும் தவலையிலும் அந்த வீட்டாரின் விலாசம் பொறிக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்கும் அப்படியொரு விலாசம் உண்டு. தயாரித்த ஆலையின் குறியும் தோட்டாவின் ரகமும், ராணுவத் தோட்டாவாக இருந்தால் பெரும்பாலும் ஆண்டும், அதன் அடித்தட்டில் இருக்கும். ஆனால் சுட்ட பிறகு அதன் மேல் விழும் கீறல், வளையம், கறை ஆகியவை ஆலையில் இடப்பட்டவை அல்ல. காலிக் கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் உள்ள நாடுகளில், நிரப்புவோர் முதலில் ஆராய்வது இந்தத் தடயங்களைத்தான். (நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

ரைபிள் தோட்டாவின் கூடு, பெரும்பாலும் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனது. மருந்து எரியும்போது, .303 ரகத் தோட்டாவில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 49,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறலாம்; காரின் சக்கரத்துக்கு நாம் அடைக்கும் காற்று சுமார் 30 பவுண்டுதான். அந்த அழுத்தத்தில் கூட்டின் மெல்லிய சுவர் விரிந்து, குழலின் பின்னறையான சேம்பரின் சுவரோடு இறுக ஒட்டி, வாயு பின்பக்கம் கசியாமல் அடைத்துக்கொள்கிறது. அழுத்தம் தணிந்ததும் மயிரிழை அளவு சுருங்கி விடுபடுகிறது. ஒட்டியிருந்த அந்தக் கணத்தில், சேம்பரில் உள்ள சிறு பிசிறுகூடப் பித்தளையில் அச்சாகப் பதிந்துவிடும்.

கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் .303 ரைபிளால் சுட்டபோது, காலிக் கூடுகளைப் பொறுக்கி, எண்ணி, ஒன்று குறையாமல் ஒப்படைக்க வேண்டும். அப்படி என் கைக்கு வந்த ஒன்றில், அடியிலிருந்து அரை அங்குலத்துக்குள், நூல் சுற்றியதுபோல ஒரு பளபளப்பான வளையம் இருந்தது. அதைத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. எண்ணிக்கை சரியாக இருந்ததால் யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கூடு இரண்டாகப் பிரியப்போவதற்கான முதல் அடையாளம் அது என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்குத் தெரிந்தது.

இந்த வளையம் உருவாகும் விதம் சுவையானது. கூட்டின் முன்பாதிச் சுவர் மெல்லியது. அது சேம்பரோடு முதலில் ஒட்டி நகராமல் நின்றுவிடுகிறது. தடித்த அடிப்பகுதியோ ஒட்டாமல், சேம்பரைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டை நோக்கித் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் இடையே இடைவெளி இருந்தால், நின்ற பகுதிக்கும் நகர்ந்த பகுதிக்கும் நடுவே உள்ள பித்தளை இழுபட்டு மெலிகிறது. அடியில் வெளியே நீண்ட விளிம்பைக் கொண்டு நிலைகொள்ளும் .303 கூட்டுக்கு, கழுத்தை நோக்கிச் சரியும் தோள்பட்டைக்கு முன்னால் தாராளமாக இடம் விடப்பட்டிருப்பதால் இந்தச் சிக்கல் அதில் அதிகம். விளிம்பில்லாத கூடுகளில் இதை வரவழைப்பவர் பெரும்பாலும் நிரப்புபவரே. கூட்டைப் பழைய அளவுக்குச் சுருக்கும் டைக்குள் தேவைக்கு மேல் அழுத்தித் தோள்பட்டையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார். உண்மையில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு மட்டும் தள்ளினாலே போதும், அதற்கு மேல் தேவையில்லை.

எனினும் அடிப்பகுதியில் தெரியும் எல்லா வளையமும் ஆபத்தானது அல்ல. டை வந்து நிற்கும் இடத்திலும் ஒரு கோடு விழும், அது தீங்கற்றது. இரண்டையும் பிரித்தறிய, முனையைக் கூராக்கி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டின் வாய் வழியாக உள்ளே விட்டு, அடியிலிருந்து சுவரை ஒட்டி மேலே இழுக்க வேண்டும். உள்ளே பள்ளம் இருந்தால், தரையோட்டின் இடுக்கில் நகம் தட்டுவதுபோலக் கம்பி தட்டும். தட்டினால் அந்தக் கூடு பழைய பித்தளைக் கடைக்குத்தான்.

நீளவாக்கில் ஓடும் கீறலை ஆராயும்போது, அது எப்போது விழுந்தது என்பதே முதற்கேள்வி. சுட்டு எடுத்தவுடனே இருந்தால் குறை துப்பாக்கியில். டையில் அழுத்திய பின் தோன்றினால் டைக்குள் மணல்துகளோ, ஒட்டிய பித்தளைப் பொடியோ இருக்கிறது. சேம்பரில் ஏற்றுமுன் கூட்டின் மேற்பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி இட்டு, நாலைந்து கூடுகளைச் சுட்டுப் பார்த்தால், எல்லாவற்றிலும் புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் கீறல் விழும் நிலையில் சேம்பரின் எந்தப் பக்கத்தில் பிசிறு என்பதையே சொல்லிவிடலாம்.

அடித்தட்டின் நடுவில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் தட்டையாகி இருப்பதைக் கண்டதும் அழுத்தம் மிகுந்துவிட்டது என்று முடிவு கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பிரைமரின் உலோகம் மென்மையாக இருந்தாலும், இடைவெளி மிகுந்து அது பின்னால் வந்து மீண்டும் அழுத்தப்பட்டாலும் அதே தோற்றம்தான் கிடைக்கும். விலாச எழுத்துகளின் மேல் வட்டமாக ஒரு பளபளப்பு விழுந்திருந்தால் கதை வேறு. போல்ட் முகத்தில், காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் அமர்ந்திருக்கும் துளைக்குள் பித்தளை பிதுங்கிப்போய், போல்ட் திரும்பும்போது தேய்ந்த அடையாளம் அது. அங்கே மருந்தின் அளவைக் குறைத்தே ஆக வேண்டும்.

கழுத்தில் விழும் வெடிப்பைக் கன்னார் எளிதாகப் புரிந்துகொள்வார். பித்தளைத் தகட்டை அடிக்க அடிக்க அது இறுகும். இடையிடையே காய்ச்சி இளக்காவிட்டால் ஓரம் கீறும். சுடும்போது விரிந்தும் டையில் சுருங்கியும் கழுத்து அவ்வாறே இறுகுவதால், அதை மட்டும் சூடேற்றி இளக்குகிறார்கள். அழுத்தம் தாங்கும் அடிப்பகுதி இளகிவிடக் கூடாது.

சுடாமலே வெடிப்பதும் உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள் தாமாகவே வெடித்தன. சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியாவும், கூட்டை உருவாக்கும்போது உள்ளே தங்கிய இழுவிசையும் சேர்ந்தே இதைச் செய்கின்றன என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் வெடிப்பு இல்லை. 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் முக்கியத் துறைகளுள் ஒன்றான உலோக அரிமான ஆய்வில் இழுவிசையும் அரிமானமும் சேர்ந்து விளைக்கும் இத்தகைய சேதத்துக்குத் தனி இடம் உண்டு. எங்கள் வீட்டு மாட்டுக் கொட்டிலின் மாடத்தில் ஆண்டுக்கணக்கில் மறந்து கிடந்த பித்தளைச் சொம்பின் கழுத்தில், யாரும் தொடாமலே விழுந்திருந்த நெட்டுக்கோட்டுக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். அம்மோனியா கலந்த பாலிஷைக் கூடுகளுக்குப் பயன்படுத்தாததும் இதனால்தான்.

புளி போட்டுத் தேய்ப்பதுபோல எலுமிச்சை அமிலத்தில் கழுவலாம். நேரம் மீறி ஊறினால் துத்தநாகம் கரைந்து, செம்பு மட்டும் இளஞ்சிவப்புத் திட்டாகத் தங்கும். தேய்த்தால் மறையும் மேலோட்டமான சிவப்பு பரவாயில்லை. தேய்த்தும் போகாமல் குழிந்து நிற்கும் திட்டு உள்ள கூட்டை ஒதுக்கிவிடுவார்கள்.