‘கிரேடு 1 தானே டாக்டர்?’

ஸ்கேன் ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு அந்த அம்மா கணவரை ஒரு பார்வை பார்த்தார். “குடிக்கிறதே இல்லைங்கிறார். அப்புறம் எப்படி டாக்டர் ஃபேட்டி லிவர், கல்லீரல்ல கொழுப்பு?” லேத் பட்டறை நடத்தும் 46 வயதுக்காரர், பாவம், வாயே திறக்கவில்லை. அவர் சொன்னது உண்மைதான். மதுவையே தொடாதவர்கள்தான் இப்போது இந்த ரிப்போர்ட்டோடு என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

வீட்டில் எண்ணெயைக் குறைத்துவிட்டார்களாம். சரி, நல்லதுதான். ஆனால் காலையில் ஆறு இட்லி, மதியம் குழம்பு, ரசம், மோர் என்று மூன்று தடவை சோறு, பட்டறைக்கு வரும் டீ ஐந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. செலவாகாத மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றி வைத்துக்கொள்ளும். ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் தொப்பை இருந்தால் இது வரலாம். அதனால் நான் இடுப்பளவையும் எடுத்துவிடுவேன்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

“கிரேடு 1 தானே, எல்லாருக்கும் இருக்குமாமே?” என்றார் கணவர். ஸ்கேன் எடுத்த இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கிரேடு என்பது கொழுப்பின் அளவுக்கு ஒரு தோராயக் கணக்கு, அவ்வளவே. சிரோசிஸ், அதாவது கல்லீரல் இறுகிக் கெட்டுப்போகும் நிலை வரை இழுத்துப் போவது கல்லீரலில் விழும் தழும்பு. தழும்பு முற்றும்போது கொழுப்பு குறைந்துகூடப் போகலாம்.

இவருக்குத் தழும்பு இருக்கிறதா? பாதி விடை அவர் கையிலிருந்த ரத்தப் பரிசோதனையிலேயே இருந்தது. வயது 46, கல்லீரல் என்சைம்களான எஸ்.ஜி.ஓ.டி. 58, எஸ்.ஜி.பி.டி. 64, பிளேட்லெட் 1.65 லட்சம். இந்த நான்கையும் வைத்துத் தழும்புக்கான வாய்ப்பைச் சொல்லும் ஃபிப்-4 என்றொரு கணக்கு உண்டு. 1.3-க்குக் கீழே வந்தால் பெரிதாகப் பயமில்லை. இவருக்கு 2.02. கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அனுப்பினேன், தழும்பு தொடங்கியிருந்தது.

“லிவர் டானிக் எழுதித் தாங்களேன்.” எழுதவில்லை. 78 கிலோவில் எட்டு கிலோ மெதுவாகக் குறைந்தால் தழும்பே குறைய வாய்ப்பிருக்கிறது. கூடவே சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் மூன்றையும் பார்க்கச் சொன்னேன். ஃபேட்டி லிவர்காரர்களுக்குக் கல்லீரலைவிட இதயத்தால்தான் ஆபத்து அதிகம்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். மூன்று கிலோ குறைந்திருந்தது. டீ இரண்டாகிவிட்டது, சர்க்கரை கிடையாது. சோற்றுக்குத்தான் வீட்டில் இன்னும் சண்டையாம்.